ஏலம் நின்ற பட்டுக்கூடு அங்காடி

பட்டுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மைசூரில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் போன வாரம் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மா இருப்பவள், கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் பொருளாதாரத்தில் அரசின் பங்கு பற்றி நன்றாகவே பேசினார். அப்புறம் ஆரம்பித்ததே உங்கள் சண்டை! அரசு ஒதுங்கிக்கொண்டால் சந்தை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று ஒரு கட்சி. விளைகிற எல்லாவற்றையும் அரசே வாங்கிவிட வேண்டும் என்று இன்னொரு கட்சி. கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனதுதான் மிச்சம். என் முறை வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. “மேடம், எழுதிக் கொடுத்துடுங்களேன்” என்றார்கள்.

கன்னடத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், வீட்டில் படித்துக் காட்ட வேண்டும், தமிழிலும் வேண்டும் என்று கேட்டார்கள். எனவே இது. கன்னடத்தில் எழுதியதைவிடக் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எனக்கு வாய் அதிகம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு கட்சியும் எனக்குச் சோம்பேறிப் பேச்சாகத்தான் பட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும் இப்படித்தான் பேசினேன், இன்னும் சத்தமாகப் பேசினேன். ஒதுங்குவதா, வாங்குவதா என்ற கேள்வி எனக்கு முன்னால் வந்து நின்றது ஒரு பட்டுக்கூடு அங்காடியில். நான் அப்போது அங்கே பொறுப்பு அதிகாரி.

நீங்கள் இன்னும் அங்காடிப் பணிக்குப் போகவில்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். விவசாயி மல்பெரி வளர்க்கிறான், அதன் இலையைப் புழுவுக்குப் போடுகிறான், புழு கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டை மூட்டை கட்டி நம் அங்காடிக்குக் கொண்டுவருகிறான். நூற்பாளர்கள் ஏலத்தில் எடுத்துப்போய், வேகவைத்து, நூல் எடுக்கிறார்கள். நம்மூர் ஆட்கள் அவர்களை ரீலர் என்றுதான் சொல்வார்கள். இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி, கூட்டுக்குள் இருப்பது உயிருள்ள பூச்சி. அது பாட்டுக்கு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். சில நாள் தாமதித்தால் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்தால் இழை அறுந்தது, கூடு குப்பை. வெங்காயக்காரன் விலை பிடிக்கவில்லை என்றால் மூட்டையைத் திருப்பி எடுத்துப்போவான். கூட்டுக்காரனால் முடியாது.

இன்னொன்று, அங்காடிக்கு வெளியே கூட்டை விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது என்று சட்டம். ஏன் வந்தது தெரியுமா? ஒரு காலத்தில் தரகன் வீட்டுக்கே வந்து, துணிக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி, விவசாயியை மொட்டையடித்துவிட்டுப் போவான். எல்லோர் கண்ணுக்கும் எதிரில், சரியான தராசில், திறந்த ஏலத்தில் விற்கட்டும் என்றுதான் அங்காடி கட்டினோம். நல்ல சட்டம். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்றவள் நான். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனால் ஒரு நாள் காலையில் அங்காடி நிறையக் கூடு வந்து குவிந்திருந்தது, வாங்க ஒருவரும் வரவில்லை.

ரீலர்கள் ஏலத்தைப் புறக்கணித்துவிட்டார்கள். வெளிநாட்டு நூல் மலிவாக வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். இவர்கள் எடுத்த நூல் வீட்டில் அடுக்கடுக்காகக் கிடந்தது. அரசு எங்கள் நூலை வாங்கிக்கொண்டால்தான் நாங்கள் கூடு வாங்குவோம் என்று அங்காடியின் முன் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் திட்டி எழுதப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். கொழுத்த முதலாளிகள் இல்லை அவர்கள். வீட்டுக் கொல்லையில் நாலு அடுப்பு வைத்துப் பிழைக்கிறவர்கள். அவர்கள் அடுப்பு அணைந்தால் அங்கே வேலை செய்யும் பெண்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது.

ஏல மண்டபத்தில் சத்தம் ஏற ஆரம்பித்தது. ஹனூர், குண்டலுபேட்டை, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் விடியுமுன் பஸ் ஏறி வந்தவர்கள். எங்கள் உதவியாளர் சித்தராஜு ஓடிவந்து, “மேடம், ரூம் பாகிலு போட்டுக்கொள்ளிங்க, ஜனங்க கல்லு எடுத்துடுவாங்க” என்றார். பாகிலு என்றால் கதவு. பயத்தில் அவருக்குக் கன்னடமும் தமிழும் கலந்து வந்தது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம், அவர் இருந்தால் விரும்பமாட்டார். மண்டபத்தில் சத்தம் கேட்டதும் மற்ற அதிகாரிகள் எல்லோரும் கதவைச் சாத்துவார்கள். அவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போவார். கூட்டத்துக்கு நடுவில் போட்டு உட்கார்ந்து, “யாருக்கு என்ன வேணும், ஒவ்வொருத்தரா சொல்லுங்கப்பா” என்பார். ஒரு தடவை ஏன் சார் இப்படி என்று கேட்டேன். “ரூமுக்குள்ள இருந்து பாத்தா கூட்டம். வெளிய வந்து பாத்தா ஆளுங்க. ஆளுங்களோட பேசலாம்மா, கூட்டத்தோட பேச முடியாது” என்றார்.

நாற்காலி தூக்க எனக்குத் தெம்பு இல்லை. வெறும் கையோடு வெளியே போனேன். வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அதில் பாதி நியாயம், மீதி வெயில். கேட்டுக்கொண்டே நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். சில மூட்டைகள் இருந்த இடத்தில் இல்லை. சித்தராஜுவைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார்.

“சித்தராஜு, என்ன நடக்குது?”

“மேடம், பின் கேட்டுல ஒரு வண்டி நிக்குது. தமிழ்நாட்டுப் பக்கத்து யாவாரி. கெடைச்ச வெலைக்கு வாங்கிட்டு இருக்கான். போகட்டும் மேடம், விட்டுடுங்க. ஏதோ ஜனங்களுக்குக் கைக்கு வந்த வரைக்கும்.”

சித்தராஜு கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார். இதை நன்றாகக் கவனியுங்கள், நெருக்கடியில் நமக்குக் கிடைக்கும் முதல் யோசனை பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள் என்பதாகத்தான் இருக்கும். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வதும் சுலபம்.

பின் கேட்டுக்குப் போனேன். வியாபாரி வண்டியின் பின்பக்கம் நின்று ஒரு பெண்ணிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பேரம் என்ன பேரம், அவன் சொன்னதுதான் விலை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கூட்டை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். “இன்னும் ரெண்டு நாளுக்கு மேல தாங்காதும்மா. குடுத்தாக் குடு, இல்லாட்டி ஊட்டுக்குக் கொண்டுபோயி கோழிக்குப் போடு” என்றான். அவன் சொன்ன விலை, அந்தப் புழுவுக்குப் போட்ட இலைக்குக்கூடக் காணாது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மாதம்மா. ஹனூருக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்க் குடியானவர் வீடு. வருடக்கணக்காக எங்கள் அங்காடிக்கு வருகிறவர். கூட்டைக் கொட்டினால் கறை பட்ட கூடு ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது, அவ்வளவு சுத்தம். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஏலப் பலகையில் வந்த விலைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

“மாதம்மா, மூட்டையை இறக்குங்க. வெளியே விக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்” என்றேன்.

அன்றைக்குப் பேசினார். என்ன பேச்சு!

“ஏனுங்க மேடம், வெளிய வித்தா சட்டம் புடிக்குமுன்னு சொன்னீங்க. சரீன்னு கட்டுப்பட்டு இங்க கொண்டாந்தேன். இங்க வாங்க ஆளில்லீங்க. இந்தாளு வாங்கறேங்கறான், அதுக்கும் வந்து கையப் புடிக்கறீங்க. அப்ப நான் இதக் கொண்டுபோயி எங்க கொட்டறதுங்க? நீங்களே ஒரு எடத்தச் சொல்லுங்க, கொட்டிப்போட்டுப் போறேன்!”

கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் உடையவில்லை. அப்புறம் கொஞ்சம் தணிந்து சொன்னார். கணவர் செடியைப் பிடுங்கிவிடலாம் என்று முடிவுகட்டிவிட்டார். குடும்பத்தோடு பெங்களூர் போய்க் கட்டட வேலை பார்ப்பதாகத் திட்டம். மல்பெரித் தோட்டத்தை உழுதுபோட டிராக்டர்காரரிடம் சொல்லியும் வைத்தாயிற்று.

“நாந்தானுங்க சண்ட போட்டு, இந்த ஒரு தடவ பாக்கலாமுன்னு வந்தேன். வித்ததும் போன் பண்ணு, அதப் பொறுத்து டிராக்டர வரச் சொல்றேன்னு எங்கூட்டுக்காரரு சொல்லியிருக்காரு. இந்த வெலைய நான் எந்த மொகத்த வெச்சுட்டுங்க சொல்லட்டும்?”

எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதி எடுத்துச் சொன்னவள் நான். ஆனால் அவர் கேட்டது சரி. வேறெங்கும் போகாதே என்று எல்லா வழியையும் அடைத்தது நாம். அடைத்துவிட்டு, இங்கே வாங்க ஆளில்லை, அது சந்தையின் சமாச்சாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னால் அது என்ன நியாயம்? அங்காடியைக் கட்டியபோதே நாம் உள்ளே வந்துவிட்டோம். ஒதுங்குவதா வேண்டாமா என்று வகுப்பில் சண்டை போட்டீர்களே, பின் கேட்டில் நின்றபோது எனக்கு அந்தக் கேள்வியே இருக்கவில்லை.

சரி, அரசே வாங்கிவிடலாமா? என் கையில் அந்த அதிகாரம் இல்லை. இருந்தாலும் செய்திருக்கமாட்டேன். வாங்கி என்ன செய்வேன்? நூல் எடுக்கத் தெரிந்தவர்கள் எதிரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வாங்கினால் கூடு என் கிடங்கில் ஓட்டை விழும், அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தபோது, மாதம்மாவின் கழுத்தைப் பிடித்திருப்பது ரீலரும் இல்லை, அந்த வியாபாரியும் இல்லை, உள்ளே வளரும் பூச்சி என்று தோன்றியது. அதனால்தான் வியாபாரி கூட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். பூச்சியை நிறுத்திவிட்டால் அவனுக்குப் பேச ஒன்றும் இல்லை.

அங்காடிக்குப் பின்னால் துறையின் பழைய நூற்பாலை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதில் கூடு வாட்டும் அனல் அறை இருந்தது. கூட்டை அனலில் வாட்டினால் உள்ளே இருக்கும் பூச்சி இறந்துவிடும், கூடு காய்ந்துவிடும், பிறகு மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ரீலர்கள் வாங்கிய பிறகு வழக்கமாகச் செய்கிற வேலைதான். விவசாயிக்காக அரசு வாட்டிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டது கிடையாது. விதியில் இல்லை. கூடாது என்றும் இல்லை.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். விஷயத்தை முழுக்கச் சொன்னேன். “நான் மீட்டிங்ல இருக்கேம்மா. நீங்க சொன்னது எதுவும் சரியாக் கேக்கலை” என்றார். அவர் பின்னால் குக்கர் விசில் அடித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, பாவம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பிற்பாடு யாரைக் கேட்டு அடுப்பு மூட்டினாய் என்று விளக்கம் கேட்டு எழுதியவரும் அவர்தான், என் பதிலைப் படித்துவிட்டு அதை அப்படியே மூடியவரும் அவர்தான். மேலே இருப்பவர்களை அவசரப்பட்டுக் கோழைகள் என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கும் மேலே ஆள் உண்டு.

பூட்டைத் திறந்தோம். விறகுக்கு டெம்போ அனுப்பினோம். கூட்டை வாட்டித் தருகிறோம் என்று மண்டபத்தில் சொன்னோம். எல்லோரும் ஓடிவந்து மூட்டையைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை!

காரணம் இருந்தது. வாட்டாத பச்சைக் கூட்டை எடை போட்டுத்தான் காலங்காலமாக விற்கிறார்கள். வாட்டினால் ஈரம் போய் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கூடு அதேதான், நூலும் அதேதான், ஆனால் தராசில் வைத்தால் மூட்டை மெலிந்திருக்கும். விவசாயிக்குத் தன் கண் முன்னாலேயே எடை ஆவியாகிப் போகிற வேலை அது. “கவர்மெண்டு நம்ம கூட்டச் சுட்டுப்போடும்” என்று யாரோ கத்தினார்கள். சிலர் மறுபடியும் பின் கேட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

மாதம்மா என் முன்னால் வந்து நின்றார்.

“ஏனுங்க, காஞ்ச கூட்டுக்குத் தக்கன வெல ஏத்திப் போடுவாங்களா?”

“போடணும். காஞ்ச கூட்டுல நூல் எவ்வளவு வரும்னு ரீலருக்குத் தெரியும்.”

“போடுவாங்களான்னு கேட்டேனுங்க.”

போடுவார்கள் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. உங்களுக்கும் வரும். நல்ல காரியத்துக்காக ஒரு சின்னப் பொய், சொன்னால் கூட்டம் அப்படியே திரும்பிவிடும். ஆனால் அந்த விலை என் கையில் இல்லை.

“தெரியாது மாதம்மா. என்னால உறுதி சொல்ல முடியாது. ஆனா பூச்சி வெளிய வராது. அது மட்டும் நிச்சயம்.”

அவர் என்னையே பார்த்தார். “இது உங்கூட்டுக் கூடா இருந்தா வாட்டுவீங்களா?”

“இந்நேரம் வாட்டி முடிச்சிருப்பேன்.”

“அப்பச் சரி, எடுத்துக்குங்க” என்று மூட்டையைக் காலால் என் பக்கம் தள்ளினார். தூக்கிக் கொடுக்கக்கூட இல்லை, அவ்வளவு கோபம் பாக்கி இருந்தது. அவர் கொடுத்ததும் இன்னொருவர் கொடுத்தார், பிறகு வரிசை.

அதற்குள் முன் கேட்டில் புதுத் தகராறு. விறகு டெம்போவை ரீலர்கள் மறித்துவிட்டார்கள். கூட்டை வாட்டி வைத்தால் அவர்கள் போராட்டத்துக்கு என்ன பலம்? கூடு கெடும், விவசாயி கத்துவான், அரசு இறங்கிவரும் என்பதுதான் அவர்கள் கணக்கு. தலைவர் அன்வர் பாய் டெம்போவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கும் அவருக்கும் பழைய பழக்கம். அவர் மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன்.

“என்ன மேடம், எங்க ஸ்ட்ரைக்கை ஒடைக்கிறீங்களா?” என்றார்.

“பாய், உங்களை வாங்குங்கன்னு நான் சொன்னேனா? வாங்காதீங்க. உங்க கோரிக்கை நியாயம்னு நானே மேலே சொல்றேன். ஆனா நாளைக்கு உங்க ஸ்ட்ரைக் ஜெயிச்சு நீங்க திரும்பி வரும்போது, உள்ளே ஓட்டைக் கூடு கிடந்தா எதை வெச்சு நூல் எடுப்பீங்க? செடியைப் பிடுங்கிட்டு எல்லாரும் பெங்களூர் போயிட்டா, அப்புறம் கூடு எங்கேருந்து வரும்?”

“வாட்டின கூட்டை வெளியூர் ரீலருக்கு வித்துடமாட்டேன்னு சொல்லுங்க, வழி விடறேன்.”

இங்கேயும் பாருங்கள், ஒரு வார்த்தை கொடுத்தால் காரியம் முடிந்தது. ஆனால் கொடுப்பதற்கு அது என் பொருள் இல்லை.

“அது என் கூடு இல்லை பாய். அவங்களோடது. எப்போ விக்கணும், யாருக்கு விக்கணும்னு அவங்கதான் சொல்லணும். ஏலம் வெச்சா உங்களுக்கு முன்கூட்டியே சொல்லுவேன். அது மட்டும்தான் என்னால முடியும்.”

பந்தலிலிருந்து இளவட்டங்கள் கத்தினார்கள். அன்வர் பாய் திரும்பி அவர்களைப் பார்த்தார், அப்புறம் உள்ளே மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சனங்களைப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேர் முகம் அவருக்கு வருடக்கணக்காகத் தெரியும். டெம்போவின் முன்னாலிருந்து நகர்ந்துகொண்டார்.

“ஸ்ட்ரைக்னா வாங்கமாட்டோம்னுதான் அர்த்தம்டா. கெடுத்துடுவோம்னு அர்த்தம் இல்லை” என்று தன் ஆட்களிடம் சத்தம் போட்டார். “வண்டியை விடுங்க.”

எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பதவி இருந்தது, கும்பிடவில்லை. இன்று கும்பிட்டிருப்பேன்.

பின் கேட்டு வியாபாரி சாயங்காலம் வரை நின்று பார்த்துவிட்டு, ஏற்றியிருந்த மூட்டைகளையும் இறக்கிக் கொடுத்துவிட்டுக் காலி வண்டியோடு போனான். அவன்மேல் வழக்குப் போடலாமே மேடம் என்று சித்தராஜு கேட்டார். வேண்டாம் என்றேன். நாம் இல்லாத இடத்தில்தான் அவன் வந்து நின்றான். நாம் அங்கே இருந்திருந்தால் அவன் வந்திருக்கமாட்டான்.

இரவு முழுக்க வாட்டி, மூட்டை மூட்டையாகப் பெயர் எழுதி அடுக்கினோம். பூச்சிக்குப் பயந்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இனி விவசாயிக்கும் இல்லை, ரீலருக்கும் இல்லை, மேலே இருப்பவர்களுக்கும் இல்லை. எல்லோரும் நிதானமாகப் பேசினார்கள். சில நாளில், ரீலர்களிடம் தேங்கிய நூலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள அரசு ஒத்துக்கொண்டது. அவர்கள் கேட்ட அளவு இல்லை, ஆனால் பந்தலைப் பிரிக்கும் அளவுக்கு இருந்தது. காய்ந்த கூட்டுக்கு என்று தனியாக ஏலம் அறிவித்தேன். விவசாயிகள் மறுபடியும் பஸ் ஏறி வந்தார்கள். தங்கள் மூட்டை எவ்வளவு இளைத்துவிட்டது என்று தூக்கிப் பார்த்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். ஆனால் பயம் போகவில்லை, எனக்கும்தான்.

நம் ஏலத்தில் ஒரு விதி உண்டு. ரீலர்கள் தங்கள் போனிலிருந்து விலை கேட்பார்கள், உயர்ந்த விலை பலகையில் வரும். வந்ததும் நாம் விவசாயியைக் கேட்க வேண்டும், “கொடுக்கிறீர்களா?” என்று. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொன்னால் அடுத்த சுற்றில் மறுபடி ஏலம். எத்தனையோ ஆயிரம் தடவை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. பச்சைக் கூட்டை வைத்துக்கொண்டு யார் வேண்டாம் என்பார்கள்?

மாதம்மாவின் குவியல் முதலில் வந்தது. அன்வர் பாய் கூட்டை அள்ளிப் பார்த்தார், மற்றவர்களும் பார்த்தார்கள். பலகையில் விலை ஏறி ஓரிடத்தில் நின்றது. மோசமில்லை. எடை குறைந்ததற்குத் தக்கபடி ஏற்றித்தான் கேட்டிருந்தார்கள். வியாபாரி சொன்னதோடு சேர்த்துப் பேசவே முடியாத விலை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

“மாதம்மா, கொடுக்கிறீங்களா?” என்றேன். தலையை ஆட்டுவார், அடுத்த குவியலுக்குப் போகலாம் என்று காலைக்கூட நகர்த்திவிட்டேன்.

“வேண்டாமுங்க.”

சித்தராஜு என்னைப் பார்த்தார். இவ்வளவு பாடுபட்டு இந்த விலையைக் கொண்டுவந்து நிறுத்தினால், இந்தம்மா வேண்டாம் என்கிறாளே என்று ஒரு கணம் எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. விதி விதிதான். அடுத்த சுற்று என்று எழுதச் சொல்லிவிட்டு மற்ற குவியல்களுக்குப் போனேன். முதல் சுற்று முடிந்ததும் நேராக அவரிடம் வந்தேன். தூணோரம் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்குப் போசியைத் திறந்து சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன மாதம்மா இது? இன்னும் ஏத்திக் கேப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?”

“கேப்பாங்களா, கேக்கமாட்டாங்களா, எனக்கென்னங்க தெரியும்?” என்றார். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “இத்தன வருசமா இங்க வர்றேனுங்க. ஒவ்வொரு தடவயும் குடுக்கறீங்களான்னு கேக்கறீங்க. ஒரு தடவையாச்சும் வேண்டாமுன்னு சொல்லிப் பாக்கோணுமுன்னு இருந்துதுங்க.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் சர்வீஸ் முழுக்க ஒரு கேள்வியைச் சடங்காகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றுதான் அதற்கு ஒருவர் பதில் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. என்ன நினைத்தாரோ, போசி மூடியில் கொஞ்சம் ராகிக் களியை வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

அப்போது அவர் போன் அடித்தது. கணவர். அந்தப் பக்கம் சத்தமாகவே கேட்டது. “என்ன, வித்தாச்சா?”

“இன்னும் இல்லீங்க. ஒரு வெல வந்துது. வேண்டாமுன்னுட்டேன்.”

“என்னது, வேண்டாமுன்னுட்டியா? கூடு கெட்டுப் போவாதா?”

“கெடாதுங்க. வாட்டியாச்சு.”

சொல்லிவைத்த டிராக்டர்காரர் பொறுக்காமல் தானே வந்து காத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

“அதையும் வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க” என்றார் மாதம்மா. போனை வைத்துவிட்டு, மிச்சக் களியை வழித்துச் சாப்பிட்டார். நான் எழுந்துபோய் இரண்டாவது சுற்றுக்கு மணியடிக்கச் சொன்னேன்.